எங்கள் படகின் ஆறு இலக்கம்

படகுக்குக் கிடைத்த பதிவு எண்ணை சித்தப்பா அதன் முகப்பில் எழுதிய காலை நினைவிருக்கிறது: 101069. கை நடுங்கியதால் கடைசி ஒன்பது கொஞ்சம் குனிந்து நின்றது. திருக்கை மீனின் முள் குத்தியதிலிருந்து அவருடைய வலக்கை அப்படித்தான். தனியாக வலை இழுக்க முடியாது. எங்கள் பாடு வரும் நாளில், அதாவது ஏரியில் இறால் வலை போட எங்கள் முறை வரும் நாளில், தன் அண்ணனான என் நைனாவோடு சேர்ந்துதான் போவார்.

எங்கள் ஊரில் எந்த எண்ணையும் முதலில் கூட்டித்தான் பார்ப்பார்கள். இதைக் கூட்டினால் பதினேழு, மறுபடி கூட்டினால் எட்டு. எட்டு ஆகாது. அடுத்த இரண்டு முறையும் வலை காலியாக வந்ததும் நைனா, படகை விற்றுவிட்டு மாமாவின் படகில் சேர்ந்துகொள்கிறேன் என்று பேச ஆரம்பித்தார். அப்படி நடந்தால் சித்தப்பா கரையில் நிற்க வேண்டியதுதான்.

நான் அப்போது பொன்னேரியில் கல்லூரியில் கணக்கு படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் திமிரில் நடுவில் புகுந்தேன். கூட்டுத்தொகையில் ஒன்றுமில்லை, எதனால் வகுபடும் என்பதுதான் எண்ணின் குணம் என்றேன். ஒற்றைப்படை எண். மூன்றால் போகவில்லை, ஏழால் போகவில்லை. என் நோட்டில் இருந்த பகா எண் பட்டியல் முழுவதையும், 199 வரை, போட்டுப் பார்த்துவிட்டு, "இது பகா எண், யாராலயும் பிரிக்க முடியாது" என்று அறிவித்தேன். "பிரிக்க முடியாத நம்பருன்னு படிச்ச பொண்ணே சொல்லுது" என்று சித்தப்பா கரை முழுக்கச் சொல்லிவிட்டார். நைனா விற்கிற பேச்சை விட்டார். ஒரு வருடம் ஓடியது.

பட்டியல்தான் 199-இல் முடிந்திருந்தது, கணக்கு முடியவில்லை. எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 317 வரை, பார்த்திருக்க வேண்டும். அடுத்த பகா எண்ணே 211. அதை 479-ஆல் பெருக்கினால் எங்கள் படகு. கண்டுபிடித்த அன்று சாயங்காலமே இருவர் முன்னாலும் சொல்லிவிட்டேன். உண்மை என்பதாலா, நானே கண்டுபிடித்தேன் என்ற பெருமையாலா? இன்றுவரை எனக்கே குழப்பம்தான்.

"அப்ப பிரியும்னு சொல்ற" என்றார் நைனா. அந்த வாரமே படகு கைமாறியது. அவர் இதற்காகத்தான் காத்திருந்தாரா, நான்தான் கெடுத்தேனா? கேட்கத் துணிவு வரவில்லை.

சித்தப்பா என்னைத் திட்டவில்லை. "அந்த ரெண்டுல சின்னது எது?" என்றார். சொன்னேன். "அது எனக்கு இருக்கட்டும்" என்றார்.

அதன்பின் பெண்களோடு முட்டளவு தண்ணீரில் இறங்கி, இறாலைக் கையால் தடவிப் பிடிக்கப் போனார். இன்றும் போகிறார். நான் காட்டூர்ப் பக்கம் கணக்கு டீச்சர். போன வாரம் கரையில் அவரைப் பார்த்தேன். இடுப்பில் கட்டியிருந்த பறிக்கூடையில் பெயிண்டால் 211 என்று எழுதியிருந்தது.

"இது ஒடையாது இல்ல?"

"ஒடையாது சித்தப்பா."

"நல்லா பாத்தியா? போன தபா மாறி சொல்லிடாத."

கிண்டலா, கோபமா என்று புரியவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து மறுபடி வகுத்துப் பார்த்தேன்.