ஒக்சிம் அடக்கிய உறுமல்

எங்கள் மூன்றாம் மாடிக்கு வரும் ஆண்களைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். நானும் அவர்களில் ஒருவன் என்பதால் குமட்டல் கொஞ்சம் கூடுதல்.

சியோலில் இசைக்கருவிகள் விற்கும் பழைய கட்டடம் இது. அடியில் சந்தை. காலை பத்து மணிக்கெல்லாம் பன்றிக்குடல் வேகிற ஆவி படியேறி வந்து, என் கடையில் தொங்கும் ஒயர்களில் ஒட்டிக்கொள்ளும். நான் விற்பது கிடார் கம்பியும் ஒயரும். பக்கத்துக் கடை பாங் ஒக்சிம்முடையது. ஐம்பத்திரண்டு வயது. மின்கிடார்களைத் திறந்து உள்ளே ஒயர் மாற்றித் தருகிறவள். எங்கள் இருவருக்கும் நடுவே இடுப்பளவு பலகைதான் தடுப்பு.

அவளிடம் வரும் கிடார்களைப் பார்க்க வேண்டுமே! இருபது வருட வியர்வை, உரிந்த தோல், சிகரெட் சாம்பல் எல்லாம் சேர்ந்து தகட்டடியில் பச்சைப் பசையாக ஊறியிருக்கும். பல் தேய்க்கும் பிரஷால் அதைச் சுரண்டி எடுப்பாள். "இதை வச்சுக்கிட்டுத்தான் காதல் பாட்டு வாசிக்கிறானுங்க" என்பாள். கிடாருக்குச் சொந்தக்காரரோ அவளைத் திரும்பியே பார்க்க மாட்டார். தடுப்புக்கு மேலாக என்னிடம் கேட்பார்: "சார், எப்போ ரெடியாகும்?"

நானும் பதில் சொல்வேன். பன்னிரண்டு வருடம் சொன்னேன்.

போன வசந்தத்தில் நாம்குங் என்று ஒரு வாத்தியார் வந்தார். இசைக் கல்லூரியில் கிடார் சொல்லித்தருபவர். அவர் கிடாரில் இரண்டு பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் காந்தச் சுருள்கள். இரண்டில் எதைப் போட்டாலும் பழைய ஃபிரிட்ஜ் மாதிரி உறுமியது. இதை அடக்கிவிட்டால் கல்லூரியின் நாற்பது கிடார்களும் இங்கேதான் வரும், அறிவிப்புப் பலகையில் பெயரும் போடுவேன் என்றார். ஒக்சிம்முக்கு அந்தப் பலகை வேண்டியிருந்தது. அவள் ஒன்றை வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

"பியோ அண்ணே, ஒரு தடவையாவது என் பேரைக் கேட்டுக்கிட்டு ஆளுங்க படியேறி வரணும்."

மூன்று நாள் வேலை. கிடாரின் உட்குழி முழுவதும் செம்புத் தகடு ஒட்டினாள். பின்பக்கப் பிக்கப்பின் காந்தத்தைப் புரட்டி, அதன் ஒயர்களையும் இடம் மாற்றினாள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றின் உறுமலை மற்றது தின்றுவிடும், பாட்டு மட்டும் மிஞ்சும். வாத்தியார் வாசித்துப் பார்த்தார். "பிரமாதம் சார்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விசிட்டிங் கார்டு கேட்டார். என்னுடையதை இரண்டு கையாலும் குனிந்து நீட்டினேன். ஒக்சிம் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து, அவள் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம், வாத்தியார் மறுபடி வந்தார்.

"ரெண்டும் சேரும்போது மூக்கால பாடுற மாதிரி ஒரு மெல்லிசுக் குரல் வருமே, அது வேணும் சார்."

"அது ஒண்ணுமில்ல சார். ரெண்டு ஒயரை மாத்திப்போட்டா முடிஞ்சுது."

தடுப்புக்கு மேலாகக் காதில் விழுந்த அறிவு, அவ்வளவுதான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, முன்பக்கப் பிக்கப்பின் ஒயர்களை இடம் மாற்றி, காக்கா எச்சம் மாதிரி ஈயத்தை அப்பினேன். குரல் மெலிந்தது. கடையின் சின்ன ஒலிபெருக்கியில், குறைந்த சத்தத்தில், எல்லாம் நன்றாகவே கேட்டது. அவர் பூரித்துப் போனார்.

அடுத்த வாரம் கழுத்து நரம்பு புடைக்க வந்து நின்றார். கல்லூரி மேடையில் உறுமல் பழையபடி வந்துவிட்டதாம். அதோடு, முன்பக்கப் பிக்கப்பின் உலோக மூடியில் கை பட்டபோதெல்லாம் கிடார் 'க்ர்ர்ர்' என்று ஏப்பம் விட்டதாம். மாணவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

"பொம்பளை கையில கொடுத்தா இப்படித்தான்" என்றார் என்னிடம், அவள் காதுபடவே. "பலகையில உங்க பேரையே போட்டுடுறேன். இனிமே நீங்களே பாருங்க சார். இந்தம்மாவைத் தொட விடாதீங்க."

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். 

ஒக்சிம் எழுந்து வந்தாள். கிடாரை ஒலிபெருக்கியில் இணைத்து, ஒற்றை விரலால் அந்த மூடியைத் தொட்டாள். க்ர்ர்ர். திறந்துகூடப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு தன் சால்டரிங் அயர்னை எடுத்து என் மேஜையில் வைத்து, ப்ளக்கையும் அவளே செருகினாள்.

"வாத்தியார் சொல்றாருல்ல, நீங்களே பாருங்கண்ணே. நான் சூப்பு குடிச்சிட்டு வர்றேன்."

போய்விட்டாள். வாத்தியார் ஸ்டூலை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். திருகாணிகளைக் கழற்றினேன். நான் அப்பிய எச்சம் அங்கேயே பளபளத்தது. மூடி ஏன் கத்துகிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு ஒயரை எடுத்தேன், திரும்ப வைத்தேன். புறங்கையைச் சுட்டுக்கொண்டேன். நெற்றி வியர்வை செம்புத் தகட்டில் சொட்டியது. என் அழுக்கும் அந்தக் கிடாருக்குள் போய்ச் சேர்ந்தது.

"சார்," என்றேன் கடைசியில். "இதைக் கெடுத்தது நான். முதல்ல சரிபண்ணினது அவங்க. எனக்கு இந்த வேலையே தெரியாது."

"அப்போ அந்தக் கார்டு?"

"ஒயர் விக்கிறவன் கார்டு சார்."

எதையோ மிதித்துவிட்ட செருப்பைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து, பல்லைக் குத்திக்கொண்டே அவள் வந்தாள். வாத்தியார் எழுந்து நின்றார். "மேடம், நீங்கதான் பாக்கணும்."

"இந்த மூடியும் எர்த் ஒயரும் ஒண்ணா இணைஞ்சிருக்கு" என்று அவரிடம் சொன்னாள். "ஒயரை மாத்தினா மூடியும் பாட்டு போற பக்கம் சேர்ந்துடும், கை பட்டா கத்தும். மூக்குக் குரல் வேணும்னா காந்தத்தைத்தான் திருப்பணும். அப்போ உறுமலும் வராது. என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

என் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்தாள். ஒயர்களைப் பழைய இடத்தில் வைத்தாள். பின்பக்கப் பிக்கப்பின் காந்தப் பட்டையை உருவிப் புரட்டிச் செருகினாள். மூக்குக் குரல் வந்தது. உறுமல் இல்லை. வாத்தியார் என் கார்டைப் பையிலிருந்து எடுத்து, என் பெயரை அடித்துவிட்டு, "உங்க பேர் மேடம்?" என்றார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

இப்போது மாணவர்கள் அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு படியேறி வருகிறார்கள்.

கிடார் சரியான மறுநாள் காலை ஒரு பேப்பர் கப்பில் காப்பி கலந்து தடுப்பின் மேல் வைத்தேன். மன்னிப்பு என்றும் முணுமுணுத்தேன். "தேங்க்ஸ்ண்ணே" என்று எடுத்துக்கொண்டாள். அயர்ன் முனையைத் துடைக்கும் ஸ்பாஞ்சு காய்ந்துபோயிருந்தது. காப்பியை அதன்மேல் ஊற்றினாள். அன்று முழுவதும் அவள் முனையைத் துடைக்கத் துடைக்க, பாலும் சர்க்கரையும் கருகும் நாற்றம் தடுப்பைத் தாண்டி வந்தது. குடல் ஆவி எவ்வளவோ தேவலை. மாலைவரை உட்கார்ந்து முகர்ந்துகொண்டிருந்தேன்.