தளராத வயிறு

1. குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில், எட்டு மாதக் கர்ப்பிணியான செல்லம்மா சரிவில் வழுக்கி விழுந்தாள்.
2. சற்று நேரத்தில் வயிறு வலித்தது. ரத்தம் படவில்லை.
3. சூட்டு வலி என்று மாமியார் சீரகத் தண்ணீர் கொடுத்தார்.
4. வலி நிற்காததால், புதிதாகப் பயிற்சி முடித்த மருத்துவச்சியான என்னை அழைத்தார்கள்.

நானும் முதலில் துணியைத்தான் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

“நான் சொன்னேன்ல தாயி? இன்னொரு தம்ளர் குடிச்சாச் சரியாப் போகும்” என்றார் மாமியார்.

“விட்டு விட்டு வலிக்குதா?” என்று செல்லம்மாவிடம் கேட்டேன்.

“விடவே இல்ல நர்சம்மா.”

வயிற்றில் கை வைத்தேன். பலகைபோல் இறுகியிருந்தது. சூட்டு வலியோ பிரசவ வலியோ, இடையில் வயிறு தளரும். இது தளரவே இல்லை. நஞ்சுக்கொடி பிரசவத்துக்கு முன்பே பிரிந்து, ரத்தம் உள்ளேயே தேங்குகிறது என்று புரிந்தது. குழந்தையின் துடிப்பு கேட்கவில்லை.

“வெரசாக் கீழ கொண்டுபோகணும்” என்றேன்.

மழை தூறத் தொடங்கியிருந்தது. ஏலக்காய் மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்த இருவர் நின்றார்கள்.

“சரக்கு நனஞ்சா கங்காணி வைவாருண்ணே.”

“வஞ்சுட்டுப் போறாரு. கம்பப் பிடி மாப்ளே.”

மூட்டைகளை மழையிலேயே போட்டுவிட்டு, கம்பில் கம்பளியை டோலியாகக் கட்டிச் செல்லம்மாவைத் தூக்கினார்கள்.

போடி ஆஸ்பத்திரியில் குழந்தை இறந்தே பிறந்தது. செல்லம்மா பிழைத்தாள்.

ஒருமுறை இப்படி நஞ்சுக்கொடி பிரிந்தவளுக்கு மறுமுறையும் நேரலாம். இப்போது அவள் மீண்டும் கர்ப்பமாக இருக்கிறாள். மாமியாரே அவளை மலையிலிருந்து இறக்கி, ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் குடிவைத்திருக்கிறார். நான் போகும்போதெல்லாம் முதலில் வயிற்றில் கை வைக்கிறேன். இன்று வயிறு தளர்வாக இருந்தது. குழந்தை உதைத்தது.