கிணற்றுத் தண்ணீரும் நாலு போத்தலும்

மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்த மறு வருஷம். மலாக்கா காஜா பேராங்கில் எங்கள் சந்துக்குக் கரண்டுக் கம்பியும் பைப்பும் எட்டிப் பார்க்காத காலம். தீயில் குடிசையை இழந்த ஓர் அக்காவுக்கும் அவருடைய இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்தார் எல்லோரும் சேர்ந்து கோத்தோங் ரோயோங்கில் வீடு கட்டினோம். கூலி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்து கைகொடுக்க வேண்டியதுதான். காட்டு மரத்தில் தூண், மூங்கிலில் சுவர், மேலே அத்தாப்பு ஓலை, பின்னால் புதுக் கிணறு.

நான் கடையில் கணக்கெழுதும் கிராணி. ஆணி அடிக்கத் தெரியாது, ஆளை எடை போடத் தெரியும் என்று ஒரு நினைப்பு. அந்தக் கூட்டத்தில் ஒருவர் மேல் மட்டும் எனக்குக் கண். மலாக்கா செட்டி சமூகத்துக்காரர். நெற்றி நிறையத் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். கிணற்றில் பாதியை அவர்தான் தோண்டினார். அதுவே எனக்கு உறுத்தியது. சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை, இந்த மனுஷனுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

தண்ணீர் ஊறித் தெளிந்த அன்று, அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நாலு போத்தலில் மொண்டு சைக்கிள் பையில் ஒளித்தார். அடுத்த ஞாயிறும் அதே. போதாதா எனக்கு? குடிபோகாத வீட்டுத் தண்ணீரைத் திருட்டுத்தனமாக எடுத்துப் போனால், போமோ என்கிற மலாய் மந்திரவாதியிடம் கொடுத்து மந்திரம் வைக்கத்தான் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. நேரே அக்காவிடம் போய் ஓதிவிட்டேன்.

அக்கா பயந்துபோனார். "கெணத்த மூடிடுங்க தம்பி. எனக்கு இந்த வீடே வேணாம்." கிணறு இல்லாவிட்டால் அங்கே குடியிருக்கவே முடியாது. அதுவரை பிள்ளைகளோடு அடுத்தவர் வீட்டில் ஒண்டிக் கிடந்தவர் அவர்.

மூன்றாவது ஞாயிறு, எல்லோர் முன்னாலும் அந்த மனிதரின் பையைப் பிடித்துக்கொண்டேன். "அபாங், தண்ணிய எங்க கொண்டு போறீங்க?" என்று மலாயில் அதட்டினேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "சாயா மினும் டூலு" என்றார். முதலில் நான் குடிக்கிறேன் என்று அர்த்தம். ஜப்பான்காரன் காலத்தில் புதுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து அவருடைய பிள்ளைகள் இரண்டும் வயிற்றுப்போக்கில் போய்விட்டனவாம். அதனால் தினமும் இந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் தானே குடித்துப் பார்த்திருக்கிறார். புது வீட்டில் நின்றுகொண்டு சாவுப் பேச்சு பேசக்கூடாதே என்றுதான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரமாக வயிறு ஒன்றும் செய்யவில்லை, இனி பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அக்கா வாளியை இறக்கி மொண்டு, தான் ஒரு வாய் குடித்துவிட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். நான் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

பால் காய்ச்சும் நாளுக்கு அவரை அழைக்க நானே போனேன். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அந்தத் தண்ணீரில் போட்ட கோப்பியைச் சந்தே குடித்தது. முதலில் குடித்தவர் மட்டும் வரவில்லை.

சந்தேகம் இப்போதும் எனக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் ஊரிடம் போவதற்கு முன்னால் ஆளிடமே கேட்டுவிடுகிறேன்; ஒருவரிடம் கேட்காமலே அவரைப் பற்றிப் பேசிய பாவத்தை எந்த மன்னிப்பும் கழுவாது என்று அன்று அவர் இல்லாத வெறும் இடத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.