மிஷின் கொடுத்த சுருதி

தையல்கார அக்காவுக்குச் சும்மா உட்காருவது என்றால் ஆகவே ஆகாது. பஸ்ஸில் போனாலும் மடியில் ஒரு சட்டை இருக்கும். ஆலயத்தில் அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில்கூடப் பொத்தானுக்குக் காஜா எடுத்துவிடுவார். போதகர் ஒருமுறை முறைத்தபோது, "பிரசங்கம் ஆரம்பிச்சா ஊசியைக் குத்தி வெச்சிடுவேன் ஐயா. அறிவிப்புக்கு மட்டும்தான்" என்று சமாதானம் சொன்னவர். நேரம் ஆண்டவருடையது, அதை வீணாக்குவது திருட்டு என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவரை ஐம்பத்திரண்டாம் வயதில் சிறுநீரகம் கைவிட்டது. செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் நான்கு நான்கு மணி நேரம், ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார வேண்டும். இடது கையில் இரண்டு ஊசி. அந்தக் கையை அசைக்கக் கூடாது. ஒற்றைக் கையால் என்னத்தைத் தைப்பது? "முடிஞ்சுதா சிஸ்டர்?" என்று மணிக்கு ஆறு தடவை கேட்டுக் கேட்டு நர்சுக்குக் காது புளித்துப்போனது.

அதைவிடப் பெரிய அடி பாடகர் குழுவில் விழுந்தது. அங்கே ஒத்திகையும் செவ்வாய், சனி மாலைதான். முப்பது வருடம் இரண்டாம் குரல் பாடியவரிடம் பாடகர் தலைவர் வந்து, "சபை ஆண்டு விழா வருது. ஒத்திகைக்கு வராம மேடையில பாட முடியாதே. நீங்க ரெஸ்ட் எடுங்க அக்கா" என்றார். அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. ரெஸ்டாம்! கழற்றிவிடுவதற்கு எத்தனை அழகான பெயர்!

அடுத்த செவ்வாய் நாற்காலியில் சாய்ந்தபடி ஆண்டவரோடு வழக்காடினார். "நேரத்தை வீணாக்காதேன்னு சொன்னவர் நீர்தானே? இப்ப நீரே கட்டிப்போட்டு வெச்சா நான் என்ன செய்றது?" அந்தக் கோபத்தில், ஆண்டு விழாவில் தான் பாடாமல் போகப்போகிற பாட்டை முணுமுணுத்தார். கட்டிப்போட்டது கையைத்தானே, வாயை இல்லையே என்பது இரண்டாம் அடியில்தான் அவருக்கு உறைத்தது.

"கொஞ்சம் சத்தமா பாடுங்கம்மா, இங்க பொழுதே போகலை" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஆலயத்துக்குள் கால் வைத்து இருபது வருடம் ஆகிறது என்று அவரே சொல்வார். மூன்றாவது நாற்காலியில் கணக்கு டீச்சர், எதற்கும் சிரிக்காத பெண்மணி.

அரை மணிக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு 'பீப்' என்று கத்துவது மிஷினின் வழக்கம். அப்போதும் கத்தியது. "அதான் சரியான சுருதி. நீங்க அரை சுரம் கீழ இருக்கீங்க" என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமலே.

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்படியொரு காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்! அன்றைக்கே குரல் பிரித்துவிட்டார். டீச்சர் மேல் குரல், கண்டக்டர் கீழ்க் குரல், நடுவில் அவர். மிஷின் 'பீப்' என்றால் பாட்டு ஆரம்பம்.

மூன்று மாதம் அப்படியே போனது. கண்டக்டர் வரிக்கு வரி பொருள் கேட்பார். "மன்னிப்புன்னு வருதே, அது டிக்கெட் இல்லாம ஏறினவனுக்கும் உண்டா?" என்று ஒருநாள் கேட்டார்.

"அவனுக்குத்தான் அண்ணே" என்றார் அக்கா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் ஆலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா போதகரிடம் நேராகப் போய், ஆண்டு விழாவில் மூன்று பேருக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டார். விழா நாளில் மூவரும் முன்னால் போய் நின்றார்கள். சபை காத்திருந்தது. அவர்களும் காத்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாடகர் தலைவர் நெற்றியைச் சுருக்கினார். அக்காவுக்கு வியர்த்துக் கொட்டியது. பாட்டு மறந்துவிடவில்லை, பீப் வரவில்லை! மிஷின் இல்லாமல் அவர்கள் ஒரு தடவைகூட ஆரம்பித்ததே கிடையாது. கண்டக்டரோ பழக்க தோஷத்தில் இடது கையை அசைக்காமல் நீட்டி வைத்திருந்தார்.

கணக்கு டீச்சர்தான் தலையை நிமிர்த்தி, தெளிவாக, "பீப்" என்றார்.

சபை குபீரென்று சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குமுன் மூன்று குரலும் ஒன்றாகக் கிளம்பின. கண்டக்டரின் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கடைசிச் சரணத்துக்குச் சபை மொத்தமும் எழுந்து நின்று சேர்ந்து பாடியது. அக்காவுக்குக் கண்ணீர் தாரை தாரையாக வந்தது. ஆனால் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. சந்தோஷம் என்றால் அதுதான் சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை பாடகர் தலைவர் பாட்டு நோட்டோடு இரண்டாம் மாடிக்கே வந்து நின்றார். "ஒத்திகையை வெள்ளிக்கிழமைக்கு மாத்திட்டேன் அக்கா. நீங்க இல்லாம இரண்டாம் குரல் இழுத்துக்கிட்டு நிக்குது. மூணு பேரும் வரணும்."

"எனக்கு ஜன்னலோர சீட்டுன்னா வர்றேன்" என்றார் கண்டக்டர். மிஷின் 'பீப்' என்றது. புதுப் பாட்டு ஆரம்பமானது. தலைவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நர்ஸ் வந்து தோளைத் தொட்டபோதுதான் அக்கா நிமிர்ந்தார். "நாலு மணி நேரம் முடிஞ்சுதும்மா. ஊசியை எடுத்துடலாமா?"

"அதுக்குள்ளயா?" என்றார் அக்கா. "கொஞ்சம் இருங்க சிஸ்டர், இன்னும் ஒரு சரணம் இருக்கு."