அயர்லாந்திலிருந்து வந்த தாய்மாமன்

பூமாலைக்குத் தாய்மாமன் யார் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், கொஞ்சமும் சிரிக்காமல், நோரா டீச்சர் என்று சொல்வார்கள். நோரா டீச்சர் ஒரு பெண். அயர்லாந்துக்காரர். பல்லியைக் கண்டால் பெஞ்சு மேல் ஏறி நின்றுகொள்வார். அப்பேர்ப்பட்டவர் எப்படி ஒரு தாய்மாமன் ஆனார் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். அவரோடு ஒரே அறையில் இருந்து ஒரே பானைச் சோற்றைத் தின்றவள் நான். கணக்கு டீச்சர் ரத்தினம்மாள் என்றால் தெரியும். வளவளவென்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனால் இந்த விஷயத்தில் நானே கொஞ்சம் வளவளக்கத்தான் போகிறேன்.

எங்கள் மிஷன் பள்ளிக்குச் செந்துறையிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்க வேண்டும். அங்கிருந்து முந்திரித் தோப்பைத் தாண்டி நடக்க வேண்டும். எழுபத்தொன்பதாம் வருஷம் பள்ளி திறந்த வாரத்தில் பங்குச் சாமியார் நோராவைக் கூட்டிக்கொண்டு வந்து, இவர் சம்பளம் வாங்காமல் இரண்டு வருஷம் பாடம் நடத்துவார் என்றார். ஆசிரியர் அறையில் ஒருவரும் நம்பவில்லை. ஊரில் ஏதாவது ஏடாகூடம் பண்ணிவிட்டுத் தப்பித்து வந்திருக்கும் என்று முதலில் சொன்னவள் நான்தான்.

தங்க இடம் என் அறைதான் கிடைத்தது. முதல் வாரம் அவர் புடவை கட்டுகிற கூத்தைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. ஊக்குகளை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு நானே கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு சண்டை போடவும் சமாதானம் ஆகவும் எங்களுக்கு நிறைய விஷயம் கிடைத்தது.

விடிந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்புக்குப் போவார். பெண்கள் வழி விட்டால் கேட்க மாட்டார், வரிசையில்தான் நிற்பார். இடுப்பில் குடம் நிற்காமல் பாதித் தண்ணீர் புடவையில்தான் வந்து சேரும். கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் அவருக்குத் தேவாமிர்தம். மணியடித்ததும் வாகை மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்து இங்கிலீஷ் நடத்துவார். எங்கள் பக்கத்து ஓடைகளில் மண்ணைக் கிளறினால் கிளிஞ்சல் வடிவத்தில் கல் கிடைக்கும். எங்களுக்கு அது வெறும் கல். அவர் அதைப் பார்த்து ஆடிப்போய்விட்டார். இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று பிள்ளைகளிடம் சொன்னார். அப்போ மீனெல்லாம் எங்கே போச்சு என்று கேட்டுவிட்டு, மறுநாள் முதல் அவர்கள் கல் பொறுக்கிக்கொண்டு வந்து மேஜையில் குவித்தார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு இங்கிலீஷ் வாக்கியம் சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். ஊரில் இருந்த கல்லெல்லாம் தீர்ந்துவிடுமோ என்று நான் பயந்தேன்.

தமிழை அவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டார். அதனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரியே பேசுவார். எனக்குப் பசிக்குது, எனக்குத் தூக்கம் வருது, நீ ஏன் அழுவுற என்று சின்னச் சின்னதாக வரும். பங்குச் சாமியாரையே ஒருநாள் நீ சாப்பிட்டியா என்று கேட்டார். அவர் ரொம்ப சந்தோஷமாகச் சாப்பிட்டேன் என்றார்.

பூமாலை அப்போது எட்டாம் வகுப்பு. அவள் அப்பா சாமிதுரை, அம்மா இருசம்மாள், இரண்டு பேரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் அவள் விடையைச் சொல்லிவிடுவாள். கணக்கு டீச்சருக்கு இதைவிட என்ன வேண்டும். ஆனால் சாமிதுரையின் அக்கா கலியம்மாள் எறையூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் மகன் சிங்காரவேலுக்குத்தான் பூமாலை என்று தொட்டிலில் கிடக்கும்போதே பேச்சு. அக்கா வாயைத் திறந்தால் சாமிதுரை வாயை மூடிக்கொள்வார். இருசம்மாளுக்கோ மகள் படிக்க வேண்டும், டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. அந்த ஆசைக்கு அந்த வீட்டில் ஆள் இல்லை. பெண்ணின் அம்மா பக்கத்துக்காகப் பேச வேண்டியவன் தாய்மாமன். இருசம்மாளின் ஒரே அண்ணன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தான்.

அந்த வருஷம் பூமாலை பெரிய மனுஷி ஆனாள். சடங்குக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். மாமன் சீர் கொண்டுவருவதற்குப் பெரம்பலூரிலிருந்து இருசம்மாளின் ஒன்றுவிட்ட அண்ணன் முருகையன் வரவேண்டும். நல்ல நேரம் போய்க்கொண்டே இருந்தது, ஆள் வந்து சேரவில்லை. எனக்குத் தெருக்கோடியில் செருப்பு அறுந்துபோய், நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் இருசம்மாள், பட்டுப்பாவாடையும் பழமும் பூவும் வைத்த தட்டை நோராவின் கையில் கொடுத்து, "டீச்சர், இதக் கொஞ்சம் புடிச்சுக்கிட்டு முன்னால நடங்க" என்றாள்.

நோராவுக்கு உதவி செய்வதென்றால் கொள்ளை ஆசை. தட்டைத் தலைக்கு நேராகத் தூக்கிக்கொண்டு, தவிலுக்கு ஏற்றபடி கொஞ்சம் ஆடிக்கொண்டு, தெருவின் கோடியிலிருந்து பந்தல் வரைக்கும் நடந்து வந்தார். தெருவே ஒரு நிமிஷம் வாயடைத்துப்போய் நின்றது. பிறகு யாரோ ஒருத்தி குலவை போட்டாள், உடனே எல்லாரும் போட்டார்கள். தெரு நாட்டாண்மை உத்திராபதி எழுந்து நின்று, தட்டு வந்துவிட்டது, மாமனை உட்காரவையுங்கள் என்றார். நான் அறுந்த செருப்போடு ஓடிப்போய்ச் சேருவதற்குள் நோரா மனையில் உட்கார்ந்து, பூமாலைக்கு மாலையே போட்டு முடித்துவிட்டார்.

திரும்பி நடந்து வரும்போது விஷயத்தை விளக்கினேன். சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கலே வந்துவிட்டது. விக்கல் நின்றதும், மாமன் என்றால் என்ன வேலை செய்ய வேண்டும் என்று கேட்டார். நான் எரிச்சலில் விரல் விட்டுச் சொன்னேன்: பொங்கலுக்குச் சீர், ஆடிக்குச் சீர், கல்யாணத்துக்குச் சீர், பிள்ளை பிறந்தால் காது குத்த மடி, மாமனைக் கேட்காமல் பெண்ணுக்கு எதையும் செய்யக் கூடாது. எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மறந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மறந்தால்தானே. பொங்கலுக்குச் சைக்கிளில் ஒரு கட்டுக் கரும்பைக் குறுக்குவாட்டில் கட்டிக்கொண்டு போய்த் தெருவையே அடைத்தார். ஆடிக்குப் பழத்தட்டோடு போனார். மாமன் என்று ஆன பிறகு சாமிதுரை அவருக்கு மச்சான் முறை. மச்சான் கேலி பேசாமல் இருக்கலாமா. என்ன மச்சான், சைக்கிள் சக்கரத்துல காத்து இருக்கா, இல்ல ஊருக்கு அனுப்பிட்டியா என்று சாமிதுரை கேட்பார். உன் மீசையில் பாதி எங்கே என்று நோரா திருப்பிக் கேட்பார். மாட்டுப் பொங்கலுக்கு அந்தத் தெருப் பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு பள்ளிக்கூடத்துக்கே வந்து அவரை முக்கி எடுத்தார்கள். மூன்று நாள் மஞ்சள் முகத்தோடு பாடம் நடத்தினார். அவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்குக்கூடக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இரண்டு வருஷம் முடிந்தும் அவர் போகவில்லை. பூமாலை பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதட்டும் என்று இன்னும் ஒரு வருஷம் கேட்டு வாங்கிக்கொண்டார். கலியம்மாளோ அந்தப் பரீட்சைக்கு முன்னாலேயே தை மாதத்தில் எறையூரிலிருந்து வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து இறங்கினாள். மகனுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை கிடைத்திருந்தது. மாசியில் கல்யாணம், பரீட்சையாவது கிரீட்சையாவது என்றாள். சாமிதுரை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அன்று தட்டு மாறிவிட்டால் பூமாலையின் படிப்பு அதோடு சரி. பூமாலை வகுப்புக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் உத்திராபதி கேட்டிருக்கிறார், மாமனுக்குச் சொல்லியாச்சா என்று. ஆள் அனுப்பினார்கள். நோரா கையில் சுண்ணக்கட்டித் தூளோடு அப்படியே கிளம்பினார், பின்னால் நான். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் ஏதாவது வெள்ளைக்கார நியாயம் பேசி, எல்லாரையும் கோபப்படுத்தி, காரியத்தைக் கெடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

கலியம்மாள் நோராவை மேலும் கீழும் பார்த்தாள். எங்கிருந்தோ வந்த ஒரு பொம்பளை எப்படி மாமன் ஆக முடியும் என்று உத்திராபதியைக் கேட்டாள். உத்திராபதி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "தட்டுத் தூக்குனவங்கதான் மாமன். அன்னிக்கு நீயும் பந்தியில உக்காந்துதான சாப்புட்ட? அப்ப கேட்டிருக்கணும்."

நோரா எதிர்த்துப் பேசவில்லை. கலியம்மாள் பக்கத்தில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு அவருடைய ஒன்றாம் வகுப்புத் தமிழில் ஆரம்பித்தார்.

"பூமாலைக்குப் பரீட்சை இருக்கு. அது எழுதட்டும். அப்பறம் டீச்சர் படிப்பு. அது முடியட்டும். அப்பறம் கல்யாணம். நான் சீர் கொண்டாருவேன். நான் வராம கல்யாணம் கெடையாது."

அவர் ஊருக்குக் கிளம்பப்போவது எல்லாருக்கும் தெரியும். கலியம்மாள் அதைத்தான் பிடித்தாள். "நீ ஒன் ஊருக்குப் போயிட்டா? கடல் தாண்டி எப்ப வருவ?"

"பூமாலை கூப்புடறப்ப வருவேன்" என்றார் நோரா.

இருசம்மாள் கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். எனக்கு ஒரு வினாடி கழித்துத்தான் விளங்கியது. மாமன் வராமல் கல்யாணம் இல்லை. பூமாலை கூப்பிடாமல் மாமன் வரமாட்டார். உத்திராபதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாமன் சொல்லியாச்சு, அவ்வளவுதான், சோறு போடுங்கள் என்றார். கலியம்மாள் சாப்பிட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நோரா அவளுக்கு இலை போட்டுத் தானே பரிமாறி, நீ சாப்பிடலைன்னா நானும் சாப்பிட மாட்டேன், எனக்குப் பசிக்குது என்றார். கலியம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிங்காரவேலுக்கு மறு வருஷமே வேப்பந்தட்டைப் பக்கம் நல்ல பெண் கிடைத்தது. அந்தக் கல்யாணத்தில் நாங்களும் சாப்பிட்டோம்.

பூமாலை பரீட்சை எழுதினாள். கணக்கில் அவள் வாங்கிய மார்க்கை நான் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் சொன்னேன். நோரா ஊருக்குக் கிளம்பிய அன்று அந்தத் தெருவே பஸ் நிறுத்தத்துக்கு வந்தது. சாமிதுரை, மச்சான் அழுதால் மூக்கு தக்காளி ஆகிவிடும் என்று கேலி பேசிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன், இதில் என்ன வெட்கம்.

பிறகு பூமாலை மேலே படித்தாள், டீச்சர் பயிற்சி முடித்தாள், எங்கள் பள்ளிக்கே டீச்சராக வந்தாள். எண்பத்தெட்டில், தனக்குப் பிடித்த ஒரு பையனை வீட்டிலும் எல்லாருக்கும் பிடித்துப்போன பிறகு, அயர்லாந்துக்கு ஒரு கடிதம் போட்டாள். நோரா வந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. ஊக்கு இல்லாமல் தானே புடவை கட்டியிருந்தார். சீர்த்தட்டைத் தலைக்கு நேராகத் தூக்கிக்கொண்டு அதே தெருவில் தவிலுக்கு ஆடிக்கொண்டு வந்தார். இந்த முறை குலவைக்கு யாரும் தாமதிக்கவில்லை.

பந்தி முடிந்து ஓய்வாக உட்கார்ந்திருந்தபோது நான் இருசம்மாளிடம், அன்றைக்கு அந்த முருகையன் நேரத்துக்கு வராமல் போனதும், டீச்சர் தெரியாமல் தட்டைத் தூக்கியதும் எவ்வளவு நல்லதாகப் போயிற்று, எல்லாம் கடவுள் செயல் என்றேன்.

இருசம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அவர மத்தியான பஸ்ஸுக்கு வரச் சொன்னதே நாந்தான் டீச்சர். அவருக்கு ரெண்டு மவன் இருக்கானுவ. தட்ட அவரு கையில குடுத்திருந்தா, கலியம்மா மவனுக்கு இல்லன்னா அவரு மவனுக்குன்னு பொண்ணக் கேட்டிருப்பாரு. இவங்களுக்குத்தான் இந்த ஊர்ல கட்டிவைக்க ஒரு பய கெடையாது."

நோரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்போ நீ என்னை ஏமாத்திட்டியா என்று இருசம்மாளைக் கேட்டார். ஆமாம் என்றாள் அவள். நோரா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டார், மறுபடியும் விக்கல் வரும்வரை சிரித்தார். இத்தனை வருஷம் அதை ஒரு வெள்ளந்தியின் தப்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருசம்மாள் திரும்பி என்னை நிதானமாகப் பார்த்தாள். "ஒங்களுக்கும் மவன் இல்ல, கூடப்பொறந்த தம்பியும் இல்லைல்ல டீச்சர்?" என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அடுத்த மாதம் அதே தெருவில், என் ஆறாம் வகுப்பில் படித்த வேம்பு என்ற பெண்ணுக்குச் சடங்கு. மாமன் வரவேண்டிய பஸ் இன்னும் வரவில்லை என்றார்கள். வேம்புவின் அம்மா ஒரு தட்டை எடுத்து வந்து என் கையில் வைத்து, கொஞ்சம் முன்னால் நடங்கள் என்றாள்.

எனக்குத் தெரியும், அது என்ன தட்டு என்று. இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.