அன்னம்மாள் காய்ச்சிய இருமல் சிரப்

கார்த்திகை பிறந்து பனி விழத் தொடங்கியதும் அன்னம்மாள் ஆடாதோடை இலை பறிக்கக் கிளம்பிவிடுவாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் அவளுக்கு வேலை. ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை. சர்ச் முடிந்த கையோடு, சேலையைக்கூட மாற்றாமல் ஏரிக்கரைக்குப் போய், கட்டைப்பை நிறைய இலையோடு திரும்புவாள். தூதுவளையும் கற்பூரவல்லியும் வாசலில் பெயின்ட் டப்பாக்களில் வளர்ந்தன. மிளகு, திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம் எல்லாம் பஜாரில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்.

இலையின் நடு நரம்பை ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டுவிட்டு, மீதியைப் பெரிய குண்டானில் வேகவைப்பாள். எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டாள். பிறகு வடிகட்டி, கருப்பட்டிப் பாகில் ஊற்றிக் கிளறி, கம்பிப் பதம் வந்ததும் இறக்கி, ஆறவைத்து பாட்டிலில் அடைப்பாள். தை மாதம் முடியும்வரை வீட்டில் அவள், கணவன், மகள் என மூன்று பேருக்கும் காலையிலும் இரவிலும் ஒரு ஸ்பூன். தையல் லைனில் உள்ள பெண்கள்கூட காலி பாட்டிலைக் கழுவி முன்கூட்டியே அவளிடம் கொடுத்து வைப்பார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். நாலு பேர் தன்னைத் தேடி வந்து ஒன்றைக் கேட்கிறார்கள் என்பது அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அவள் கணவன் தானியேல் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், பஃபிங் மெஷின் ஓட்டினான். தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை. நாள் முழுக்கத் தூள் பறக்கும். மாலையில் அவன் வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் மாவு பூசியது போல இருக்கும். குளிர்காலம் வந்தால் அவனுக்கு இருமல் வருவது வழக்கம்தான். பத்து நாள் சிரப் குடித்தால் அடங்கிவிடும்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அது அடங்கவில்லை.

டிசம்பர் முழுக்க இருமினான். கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாடகர் குழுவோடு நின்றவன், இரண்டாவது பாட்டு முடியும் முன்பே இருமிக்கொண்டு வெளியே போய்விட்டான். அன்னம்மாள் சிரப்பில் மிளகைக் கூட்டினாள். ஒரு ஸ்பூனை இரண்டாக்கினாள். பனிக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, மூவரும் படுக்கும் அந்த ஒற்றை அறையின் ஜன்னலைச் சாத்தி இடுக்கில் துணி அடைத்தாள்.

"இன்னாங்க, எப்படி இருக்குது இப்ப?"

"கம்மியாயிருக்குது அன்னம். உன் மருந்து கேக்குது."

தினமும் இதே பதில்தான். அவளும் நம்பினாள். பெல்ட் இரண்டு துளை உள்ளே போனதையும், தட்டில் பாதிச் சோறு மிச்சமானதையும் அவள் கவனிக்காமல் இல்லை. வேலை ஜாஸ்தி என்றான். அதையும் நம்பினாள்.

ஜனவரி கடைசியில் அவன் தோளில் போடும் துண்டில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. அவள் கேட்டதும் அவன் சிரித்தான்.

"சிரப்பு சிந்திடுச்சி. கருப்பட்டியாச்சே, கறை போவாது."

அவள் துண்டை சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போட்டாள். மகள் ஜாஸ்மின் அதைப் பார்த்தபடி நின்றாள். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவில் படித்துக்கொண்டிருந்தாள். மார்ச்சில் அவளுக்குப் பொதுத்தேர்வு.

"ம்மா, இது கருப்பட்டி கலர் இல்லம்மா. அப்பாவ கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு இட்னு போலாம். எக்ஸ்ரே எடுக்கட்டும்."

"உங்கப்பாவே சிரப்புன்னு சொல்றாரு. நீ டாக்டரா?"

"ரெண்டு மாசமா இருமறாரும்மா."

"பன்னெண்டு வருசமா இந்த மருந்துதான் இந்த வீட்ட காப்பாத்துது. போய்ப் படி."

ஜாஸ்மின் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு அதைப்பற்றி அவள் பேசவில்லை.

பிப்ரவரி இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், ஷூ கம்பெனி கேட்டிலிருந்து அன்னம்மாளைக் கூப்பிட்டார்கள். வெளியே தோல் ஷாப் சூப்பர்வைசர் ஹம்மாத் ஆட்டோவோடு நின்றிருந்தான். அவன் சட்டையில் ரத்தம் இருந்தது.

"அக்கா, பயப்படாதீங்க. அண்ணன் மெஷின்கிட்டயே உக்காந்துட்டாரு. வாயில ரத்தம். ஆஸ்பத்திரில சேத்துட்டுத்தான் வர்றேன்."

அவள் ஆட்டோவில் ஏறிய பிறகு ஹம்மாத் தயங்கிச் சொன்னான். "பொங்கலுக்கு முன்னாடியே ஒருவாட்டி இந்த மாதிரி ஆச்சுக்கா. வீட்ல சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நான் சொல்லியிருக்கணும்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் சோதித்தபோது சளியில் காச நோய்க் கிருமி இருந்தது. இரண்டு நுரையீரலும் பெருமளவு அரிக்கப்பட்டிருந்தன. அன்றைக்கே வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே பெண் டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஏற்கெனவே தூளால் கெட்டிருந்த நெஞ்சு, அதன்மேல் இது என்றார். டிசம்பரிலேயே வந்திருந்தால் மாத்திரையிலேயே குணமாக நல்ல வாய்ப்பு இருந்தது என்றும் சொன்னார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அன்னம்மாளுக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

வார்டில் தானியேலுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். ஆறாவது நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தான். முகமூடியை விலக்கிவிட்டு, விட்டுவிட்டுப் பேசினான்.

"இருமுறவன ஷாப்புல நிக்க வச்சிக்க மாட்டாங்க. ரெஸ்ட் எடுன்னு அனுப்புனா அப்புறம் கூப்புட மாட்டாங்க. பாப்பா பரீட்சை முடியட்டும், அப்புறம் காட்டிக்கலாம்னு இருந்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ அடுப்பாண்ட நின்னு கிளறுவ. முகமெல்லாம் வேர்த்திருக்கும். கேக்கலன்னு எப்படிச் சொல்றது?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "நான்தான் பொய் சொன்னேன். உம்மேல தப்பு இல்ல அன்னம்."

ஒன்பதாவது நாள் காலையில் இறந்துபோனான். அவனுக்கு நாற்பத்தெட்டு வயது.

அடக்கம் முடிந்த வாரமே சுகாதாரப் பணியாளர்கள் வந்து வீட்டில் இருந்தவர்களைச் சோதனைக்கு அழைத்துப் போனார்கள். அன்னம்மாளுக்கு ஒன்றுமில்லை. ஜாஸ்மினின் வலது நுரையீரலில் தொற்று இருந்தது.

"ஒரே ஸ்பூன்ல தான் மூணு பேருக்கும் ஊத்தினேன். அதனால வந்துச்சாம்மா?" என்று டாக்டரிடம் கேட்டாள் அன்னம்மாள்.

"ஸ்பூனால வராது. காத்துல பரவறது. காத்தோட்டம் இல்லாத ரூம்ல சேர்ந்து படுத்தா ஈசியா ஒட்டிக்கும்."

ஜன்னல் இடுக்கில் துணி அடைத்ததை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அந்தத் துணிகளை உருவி எடுத்தாள். மிச்சமிருந்த மூன்று பாட்டில் சிரப்பையும் சாக்கடையில் கொட்டினாள். அந்த இனிப்பு வாசனை இரண்டு நாள் வாசலிலேயே நின்றது.

ஜாஸ்மின் அந்த வருடம் தேர்வு எழுதவில்லை. ஆறு மாதம் மாத்திரை. முதல் இரண்டு மாதம் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. அன்னம்மாள் தினமும் காலையில் மாத்திரையைக் கொடுத்து, அவள் விழுங்கும்வரை பக்கத்தில் நின்றாள். இருவருக்கும் இடையில் வேறு பேச்சு அதிகம் இல்லை. அன்றைக்கு நான் சொன்னேனே என்று மகள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் நல்லது என்று அன்னம்மாளுக்குத் தோன்றும்.

மறு குளிர்காலத்தில், லைனில் பக்கத்து மெஷின் அக்தரி பேகம் பாட்டிலை நீட்டினாள். வீட்டுக்காரருக்கு இருமலாம்.

"எத்தினி நாளா?"

"இருபது நாள் இருக்கும்."

"மருந்து இல்ல. மொதல்ல சளி டெஸ்ட் எடு. நானும் கூட வர்றேன்."

அக்தரி பேகத்தின் முகம் மாறிவிட்டது. "எல்லாருக்கும் உன் வீட்டு சீக்கு இருக்கும்னு நினைக்காத" என்றாள். லைனில் அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. அதன்பிறகு சாப்பாட்டு வேளையில் அன்னம்மாள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. டெஸ்ட் எடுத்தார்களா, என்ன வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

ஜாஸ்மின் அடுத்த மார்ச்சில் தேர்வு எழுதித் தேறினாள். வேலூரில் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்வாள். சாப்பிட்டியா, மாத்திரை நிறுத்தின பிறகு எடை ஏறுதா, சர்ச்சுக்குப் போனியா என்று அன்னம்மாள் கேட்பதோடு பேச்சு முடியும்.

போன மாதம் ஒரு ஞாயிறு ஜாஸ்மின் அதற்குப் பிறகும் போனை வைக்கவில்லை.

"ம்மா, இன்னிக்கி லேப்ல ஒருத்தரோட சளி ஸ்லைடு பாத்தேன். அப்பா வயசு."

"ம்."

"அன்னிக்கி நான் போய்ப் படிச்சிருக்கக் கூடாதும்மா. கத்தியிருக்கணும். அப்பா கையப் புடிச்சி இட்னு போயிருக்கணும். எனக்குத் தெரிஞ்சிருந்திச்சி."

இத்தனை நாள் மகள் அம்மாவைத்தான் மனதுக்குள் குற்றம் சாட்டிப் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்திருந்தாள் அன்னம்மாள். தரையில் உட்கார்ந்தாள்.

"நீ சொன்ன. நான்தான் கேக்கல" என்றாள்.

ஜாஸ்மின் அழுவது போனில் கேட்டது. மகள் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.