சந்தோஷத்தைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், கார்த்திகை மாதம் மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், ஆரணியில் எங்கள் தெருவில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. தறியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தார். வேலூர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, பேச்சு குழறியது. "நடக்க வையுங்க, பேச வையுங்க, சும்மா படுக்க விட்டீங்கன்னா அப்படியே நின்னுடும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். இவரோ வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கேட்டதற்கெல்லாம் "ம்", இல்லாவிட்டால் அதுவும் இல்லை. கையில் வைத்து அமுக்கச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. கோணின வாயை நாலு பேர் பார்க்கக் கூடாது என்று வாசல் பக்கமே வரமாட்டேன் என்றார். கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், ஜெபம் பண்ணியும் பார்த்தேன். சுவருக்கும் அவருக்கும்தான் அப்படி ஒரு ஒட்டுதல்.

இந்த நேரம் பார்த்து எங்கள் சபையில் பெண்கள் ஞாயிறு வந்தது. வருஷத்தில் ஒரு நாள் ஆராதனை முழுவதையும் பெண்களே நடத்துவோம். யார் செய்தி கொடுக்க வேண்டும், அதாவது பிரசங்கம் பண்ண வேண்டும் என்பது முறைப்படி சுற்றி வரும். முறை என்னிடம் வந்து நின்றது. தலைப்பு, 'எந்தச் சூழ்நிலையிலும் சந்தோஷமாயிருப்பது எப்படி'.

"பாஸ்டரம்மா, தயவு செஞ்சு வேற யாருக்காவது குடுங்க. என் பொழப்பு உங்களுக்குத் தெரியாததா?" என்று எங்கள் பாஸ்டரின் மனைவியிடம் கேட்டேன்.

"உங்களுக்குன்னே கர்த்தர் குடுத்த தலைப்பு சிஸ்டர் இது" என்று சொல்லிச் சிரித்தார்.

அவருடைய அந்தச் சிரிப்பு இருக்கிறதே! மழை பெய்தாலும் ஸ்தோத்திரம், கரண்ட் போனாலும் ஸ்தோத்திரம். எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். கஷ்டம் என்றால் என்னவென்றே தெரியாத ஜென்மம் என்று நான் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு ஆமென் சொல்கிற மாதிரி இருந்தது எனக்கு.

ராத்திரியெல்லாம் யோசித்தும் அந்தத் தலைப்பில் ஒரு வரி ஓடவில்லை. சந்தோஷம் என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு வைத்ததுதான் மிச்சம்.

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். எங்களுக்கு நெசவு கொடுக்கிற முதலாளியிடம் போய் அழாத குறையாகக் கேட்டு ஒரு பாவு வாங்கி வந்தேன். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற பட்டு நூல். எனக்கும் நெய்யத் தெரியும், நான் நெய்துகொள்வேன் என்று முதலாளியிடம் சொன்னேன். உண்மையான எண்ணம் வேறு. காலித் தறியைப் பார்க்க முடியாமல்தான் மனுஷன் சுவரைப் பார்க்கிறார், தறியில் நூல் ஏறினால் ஒருவேளை திரும்புவார் என்று ஒரு நப்பாசை. அவ்வளவுதான்.

ஆனால் பாவை அப்படியே தறியில் ஏற்ற முடியாது. தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, நூல் நூலாகப் பிரியும்படி பிரஷ்ஷால் வாரி, விறைப்பாகக் காய வைக்க வேண்டும். எங்கள் தெருவில் யார் வீட்டுப் பாவு நீட்டினாலும் அக்கம்பக்கத்தார் காலையில் வந்து கை கொடுப்பார்கள். கூலி கிடையாது. நாளைக்கு அவர்கள் வீட்டுப் பாவுக்கு நாம் போக வேண்டும், அதுதான் கணக்கு. பாவு நீட்டியிருக்கும்போது வண்டி வராது, யாரும் அதைத் தாண்டிப் போகமாட்டார்கள், சுற்றித்தான் போவார்கள். எல்லாம் சரி. வெயிலுக்கு யாரிடம் போய்க் கேட்பது? வாரம் முழுக்க மழை கொட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில்தான் வானம் கொஞ்சம் வெளுத்தது. எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தார். என் வீட்டுக்காரருக்கு இந்த வேலையில் எப்போதும் கூட நிற்பவர்கள் அவரும் அவர் வீட்டுக்காரரும்தான்.

"இன்னாடி இன்னும் உக்காந்துகினு இருக்க? இந்த வெயிலை வுட்டா அடுத்த வாரம்தான். ஜல்தி எடு பாவை!"

எடுத்தோம். அக்கம்பக்கத்தார் எல்லாரும் சேர்ந்து இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, பாதி தூரம் வாரிக்கூட விட்டோம். அந்த நேரம் பார்த்து, மறுநாள் பாட வேண்டிய பாட்டை ஒத்திகை பார்க்கலாம் என்று பாஸ்டரம்மா மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எல்லாரும் மடிப்புக் கலையாத புடவையில். எங்கள் வீடு பாவுக்கு இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம். சுற்றி வருவார்கள் என்று பார்த்தால், நின்ற இடத்திலேயே கஞ்சிராவைத் தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். கையில் கஞ்சி, முகத்தில் கஞ்சி, உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் புருஷன், வெளியே ஆனந்தக் களிப்பு! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஆண்டவரே, நீர் என்னை வைத்து விளையாடுகிறீரா?" என்று வாய்விட்டே கேட்டேன்.

ஒரு சொட்டு என் புறங்கையில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் படவேட்டு மலைப் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.

நெசவுக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பேஜார் கிடையாது. கஞ்சி போட்ட ஈரப் பாவைச் சுருட்டினால் நூலோடு நூல் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. சுருட்டாமல் விட்டால் மழை கஞ்சியையெல்லாம் கழுவிவிடும். நீட்டின வாக்கிலேயே கூரைக்கு அடியில் கொண்டுபோக வேண்டும். அவ்வளவு நீளத்துக்குக் கூரை எங்கே இருக்கிறது?

எதிர்வீட்டு அக்காதான் தெருக்கோடியைக் கை காட்டினார். "உங்க கோயிலு!"

எங்கள் சபைக் கட்டடம் தெருக்குத்தில் இருக்கிறது. தெரு நேராகப் போய் அதன் வாசலில்தான் முட்டும். தெருக்குத்து ஆகாது என்று யாருமே வாங்காமல் கிடந்த பழைய நெல் கிடங்கு அது. எங்களுக்கு அந்தப் பயம் இல்லாததால் சபைக்கு வாங்கினோம். ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். திருப்பாமல் வளைக்காமல் பாவு நேராக உள்ளே போகும்!

இரண்டு முனையிலும் ஆண்கள் பிடித்துக்கொள்ள, நடுவில் பாவுக்குக் குறுக்கே செருகியிருந்த மூங்கில் குச்சிகளை ஆளுக்கொன்றாகத் தாங்கிக்கொள்ள, மேலே தார்ப்பாயும் குடைகளுமாக ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினோம். ஒத்திகைக்கு வந்த பெண்கள் கஞ்சிராவை எதிர்வீட்டு வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஒரு புடவையிலும் மடிப்பு மிஞ்சவில்லை. பாஸ்டரம்மா எனக்குப் பக்கத்தில். தன் குடையைப் பாவுக்குப் பிடித்துவிட்டுத் தான் தெப்பலாக நனைந்துகொண்டு வந்தார். அப்போதும் வாயில் பாட்டு!

"இப்பவுமா பாஸ்டரம்மா? பாடாம ஒழுங்காப் பிடிங்க!" என்று கத்தியேவிட்டேன்.

"பாட்டை நிறுத்தினா கை நடுங்கும் சிஸ்டர்" என்றார். "பயமா இருந்தா எனக்கு எப்பவுமே அப்படித்தான். விடாமப் பாடிகினே இருந்தாத்தான் கை நிக்கும்."

அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பே இல்லை. உதடு வெளுத்திருந்தது. அப்படியானால் இந்த மனுஷி தினம் தினம் எத்தனை பயத்தைப் பாடிப் பாடித் தள்ளிக்கொண்டு இருந்திருக்கிறார்? அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை, மழை வலுத்துவிட்டது.

சபைக்குள் போனதும் பாஸ்டர் பெஞ்சுகளை இரண்டு பக்கமும் தள்ளி வழி விட்டார். ஒரு முனையை மேடைக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் கம்பியில் கட்டினோம், மறுமுனையை வாசல் தூணில். ஆனால் எவ்வளவு இழுத்தாலும் நடுவில் தொய்ந்தது. அங்கே இழுத்தால் இங்கே கோணிக்கொண்டது. எதிர்வீட்டு அண்ணன் ஒன்று சொல்ல, பாஸ்டர் ஒன்று சொல்ல, நான் இரண்டு பேரிடமும் எரிந்து விழ, சபை சந்தைக்கடையாகிவிட்டது. அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். பாவு மட்டுமல்ல, நான் வைத்திருந்த அந்த நப்பாசையும் சேர்ந்து போயிற்று என்று கையை விட்டுவிடப் பார்த்தேன்.

அப்போது வாசல் பக்கமிருந்து ஒரு சத்தம். வார்த்தை புரியவில்லை. திரும்பிப் பார்த்தால், அவர்! லுங்கி முழங்கால் வரைக்கும் சேறு. இடது கையால் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வலது காலை இன்னும் வாசற்படியில் ஏற்ற முடியாமல் நிற்கிறார். வீடு வீடாகச் சுவரைப் பிடித்துக்கொண்டே அந்த மழையில் வந்திருக்கிறார்.

"அறிவு... இருக்காடி உனக்கு?" என்றார். குழறினாலும் இந்த முறை எல்லாருக்கும் புரிந்தது. "பட்டுடி அது... மாட்டுக் கயிறா? தூக்கு... நடுவுல தூக்கு!"

மாதக்கணக்கில் "ம்" மட்டும் கேட்ட காதுக்கு அந்தத் திட்டு எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும். நடுவில் தூக்கினேன். அவர் இன்னும் திட்டினார். எதிர்வீட்டு அண்ணனைத் திட்டினார், பாஸ்டரையும் விடவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தோம். கோணின வாயை மறைக்கக்கூட மறந்துபோய், இடது கையை நீட்டி நீட்டி, எங்கே இழுப்பது, எங்கே விடுவது, எந்தப் பக்கமாக வாருவது என்று மதியம் வரைக்கும் எங்களை ஆட்டிப் படைத்தார். பாஸ்டரம்மா மூலையில் உட்கார்ந்து முந்தானையைப் பிழிந்துகொண்டு அழுதார். அன்றைக்குத்தான் அவர் அழுது நான் பார்த்தேன்.

மழை ஈரத்தில் பாவு அன்றைக்குள் காயவில்லை. மறுநாள் ஆராதனைக்கு வந்தவர்கள் சபைக்கு நடுவில் பட்டு நூல் ஓடுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள். வேறு வழியில்லை. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், நடுவில் பாவு. காணிக்கைப் பை அந்தப் பக்கம் போக வாசல் தூணைச் சுற்றி வந்தது. காய்ந்ததும் எடுக்க வேண்டும் என்று எதிர்வீட்டு அக்காவும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

என் முறை வந்தது. எழுதின காகிதத்தில் என்ன இருந்தது, அந்த ஒரு கோடுதானே? உள்ளதைச் சொன்னேன். இந்தத் தலைப்பைக் கேட்டதிலிருந்து எனக்குக் கோபம்தான் வந்தது என்றேன். எல்லாம் சரியான பிறகு வருவதுதான் சந்தோஷம் என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தேன் என்றேன். "எனக்கு இன்னும் ஒண்ணும் சரியாகலைங்க. ஆனா நேத்து..." என்று ஆரம்பித்தேன்.

மேலே சொல்வதற்குள், பாவின் முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், "பேச்சு... அப்புறம். அந்தக் கயிறு தளருது... பாரு" என்றார்.

சபை கொல்லென்று சிரித்தது. பிரசங்கத்தை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போய்க் கயிற்றை இழுத்துக் கட்டினேன். திரும்பி மேடை ஏறத் தோன்றவில்லை. சொல்ல வேண்டியதை அவரே சொல்லி முடித்துவிட்டதாக எனக்குப் பட்டது. பாஸ்டரம்மா ஒரு பாட்டை எடுத்துவிட்டார். நானும் பாடினேன், சுருதி சேராமல்.

என் வீட்டுக்காரர் கை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. அந்தப் பாவில் ஒரு பகுதி ஒட்டித்தான் போயிருந்தது. அதைப் பிரித்து நெய்து முடிப்பதற்குள் என் உயிர் போய் வந்தது. கஷ்டம் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இப்போதும் நான் தறியில் உட்கார்ந்து குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளும்போது, பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் திட்டாவது வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சுள்ளென்று கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடேயே, மனசுக்குள் ஒரு ஸ்தோத்திரமும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த இழையைத் தொடுகிறேன்.